ஆதரவாளர் ஜெயவேலு இன்னும் வெளியேறவில்லை

கால்பந்து ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று கௌதமபுரத்து ஜனங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது கிடையாது. பெங்களூரு அல்சூர் ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்தச் சந்துகளில் பிள்ளைகள் பேச்சு வருவதற்கு முன்பே பந்தை உதைத்துவிடும். ஆட்டம் என்றால் போவார்கள், தொண்டை கிழியக் கத்துவார்கள், ஜெயித்தால் டீ குடிப்பார்கள், தோற்றால் ரெஃப்ரியின் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டு டீ குடிப்பார்கள், வீடு திரும்புவார்கள். இத்தனை தலைமுறையாக ஒரு திட்டமும் இல்லாமல் இப்படிக் காட்டுத்தனமாக ஆட்டம் பார்த்துவிட்டோமே என்று அவர்களை வெட்கப்பட வைத்த பெருமை கார்டன் சிட்டி காமெட்ஸ் கிளப்பைச் சேரும். அந்தக் கிளப்பில்தான் 'ஆதரவாளர் பயணத் திட்டமிடல் துறை' என்று ஒன்றைத் திறந்தார்கள்.

ஆட்டநாளன்று காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை என்ன செய்யப்போகிறோம் என்று அரைமணி அரைமணியாக எழுதி, நான்கு நாள் முன்னதாகத் துறையின் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் இல்லாவிட்டால் டிக்கெட் இருந்தாலும் கேட் திறக்காது. இதுதான் விதி.

இந்த விதியில் போய் மாட்டியவர் ஜெயவேலு. கார்ப்பரேஷன் குப்பை லாரியில் இருபத்திரண்டு வருஷமாக லோடர். அவருடைய ஒரே பெண் மகாவுக்குப் பத்தொன்பது வயது, காமெட்ஸ் பெண்கள் அணியில் லெஃப்ட் விங்கர். போன வருஷம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து தேய்த்தவளுக்கு, வரும் ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக ஆட்டம் தொடங்கும் பதினொரு பேரில் இடம் கிடைத்திருந்தது. குடும்பத்துக்கு ஓர் இலவசச் சீட்டும் கொடுத்திருந்தார்கள்.

மகா சின்ன வயதில் விளையாடிய ஆட்டங்களை ஜெயவேலு ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார், ஆனால் உள்ளே உட்கார்ந்து ஒன்றுகூடப் பார்த்ததில்லை. வேலை முடிந்து வரும்போது டிரைவர் நாகேஷிடம் சொல்லி மைதானத்து மதிலுக்கு வெளியே லாரியை நிறுத்தி, மேலே ஏறி நின்று பார்ப்பார். உள்ளே வந்தால் உடம்பு நாற்றத்துக்கு மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் தள்ளித் தள்ளி உட்காருவார்கள், மகளுக்கு அவமானம் என்று ஒரு கூச்சம். மகாவுக்கு அது மனசில் முள்ளாகவே இருந்தது.

"இந்த ஒரு தடவ உள்ள வந்து சேர்ல உக்காந்து பாருப்பா. நான் திரும்பிப் பாக்கும்போது நீ இருக்கணும், ஆமா" என்றாள்.

"வரேன்டா கண்ணு. சத்தியமா" என்றார் ஜெயவேலு. சொன்ன பிறகுதான் படிவம் வந்தது.

இருபத்தெட்டு வரிசை. ஒவ்வொன்றிலும் நேரம், செயல், உணர்வு என்று மூன்று கட்டம். ஜெயவேலுவும் மனைவி சம்பூர்ணமும் செல்ஃபோனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஆறு மணி, எழுந்திருத்தல். நான் நாலரைக்கே எழுந்துக்குவேனே?"

"அப்ப 'ஏற்கெனவே எழுந்தாச்சு'ன்னு போடு."

போட்டார். செல்ஃபோன் ஏற்றுக்கொள்ளவில்லை. எழுந்திருக்காதவர் அடுத்த வரிசைக்குப் போக முடியாது என்றது. சரி, ஆறு மணிக்கே எழுந்துகொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். உணர்வு என்ற கட்டத்தில் 'பாத்ரூம் வருது' என்று எழுதினார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. யாரும் படிப்பதில்லை என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும், பாவம், மனுஷன் அப்பாவி.

மாலை நான்கிலிருந்து ஆறு வரை உள்ள நான்கு வரிசையிலும் 'மேட்ச் பாக்கறது' என்று எழுதினார். நான்கும் சிவப்பாகத் திரும்பி வந்தன. நேரில் வரவும் என்று ஒரு குறுஞ்செய்தியும் கூடவே வந்தது.

துறையின் இயக்குநர் கார்த்திகேசன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஊழியர்களின் சந்தோஷத்தை அளந்துகொண்டிருந்தவர், அங்கே அளந்து முடித்ததும் இங்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். ஜெயவேலுவுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் ஆரம்பித்தார்.

"சார், மேட்ச் பாக்கறதுன்னு எழுதியிருக்கீங்க. அது ஒரு ஆக்டிவிட்டி இல்ல சார்."

"அதுக்குத்தானே சார் வரேன்?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. கணக்கு பாருங்க. ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூத்தி நாப்பது நிமிஷம். மேட்ச் வெறும் தொண்ணூறு. மீதி ஆயிரத்து முன்னூத்தி அம்பது நிமிஷம் சப்போர்ட்டர் அநாதையா நிக்கறான். அவனை யார் பாத்துக்கறது? நாங்கதான். ஆனா அந்தத் தொண்ணூறு நிமிஷம் இருக்கே, அதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. எவ்ளோ அழகா பிளான் பண்ணாலும், பால் உருள ஆரம்பிச்சதும் எல்லாரும் அங்கயே திரும்பிடறாங்க. போன சீசன்ல எங்க சர்வேக்கு ஒரு ஆள்கூட நிமிந்து பாக்கல சார். அதான் இந்த சீசன்ல மேட்ச் டைமையும் நாங்களே எடுத்துக்கிட்டோம்."

ஜெயவேலுவுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே பயமாக இருந்தது.

"உக்கார எடமாவது கேட்டுக்கலாமா சார்? பொண்ணு லெஃப்ட்ல ஆடுறா. மொத பாதில மேற்கு ஸ்டாண்ட் பக்கம் ஓடுவா. ரெண்டாவது பாதில சைடு மாறும், அப்ப கிழக்குப் பக்கம். மொத பாதிக்கு மேற்குல, ரெண்டாவது பாதிக்குக் கிழக்குல உக்கார வுட்டா கிட்டக்க பாப்பேன்."

கௌதமபுரத்தில் இது பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கார்த்திகேசன் எழுந்தே விட்டார்.

"சைடு மாறுமா?"

"ஹாஃப் டைம்ல மாறும் சார்."

"ஒவ்வொரு மேட்ச்லயுமா?"

"ஆமா சார்."

கார்த்திகேசன் பக்கத்து மேசையில் இருந்த வீணாவைக் கூப்பிட்டார். "வீணா, இத நோட் பண்ணும்மா. டூ ஸ்டாண்ட் ஜர்னி. இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல. சார், நீங்கதான் எங்க முன்மாதிரி ஆதரவாளர். ஞாயித்துக்கெழம காலைல இருந்து வீணா உங்க கூடவே இருப்பாங்க."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று ஜெயவேலு படி இறங்கும்போது நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கே விழிப்புத் தட்டிவிட்டது. படிவம் ஞாபகம் வந்து, கண்ணை மூடி அசையாமல் கிடந்தார்.

"இன்னாய்யா படுத்துகினு கீற? உடம்பு சரியில்லையா?" என்றாள் சம்பூர்ணம்.

"இன்னும் எழுந்திருக்கல நான்."

"பேசிகினு கீறியே?"

"ஆறு மணிக்குத்தான். அதுவரைக்கும் சும்மா இரு."

ஆறரைக்கு வீணா கையில் டேப்லெட்டோடு வந்து கதவைத் தட்டினாள். இருபத்துமூன்று வயதிருக்கும். தும்கூர்ப் பெண், கன்னடக்காரி, தமிழை யோசித்து யோசித்துப் பேசுவாள். சம்பூர்ணம் ஊற்றிக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, இட்லியை ஜெயவேலு வாயருகே பிடித்திருப்பதுபோல் ஒரு படம் எடுக்க நின்றாள். 'எட்டு மணி, உள்ளூர்ப் பண்பாட்டுச் சிற்றுண்டி' என்ற வரிசைக்கு அது வேண்டுமாம். மணி ஏழுதான் ஆகியிருந்ததால் எட்டு மணி வரை வாயருகேயே பிடித்திருக்கச் சொன்னாள். சம்பூர்ணம் வேலைக்குக் கிளம்பும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மைதானம் வீட்டிலிருந்து நடந்தால் பத்தே நிமிஷம். அங்கேதான் அடுத்த சிக்கல்.

"சார், பயணம்ன்னா மினிமம் தொண்ணூறு நிமிஷம் இருக்கணும். பத்து நிமிஷம் பயணம் சிஸ்டம்ல ஏறாது" என்றாள் வீணா.

"வீடு பக்கத்துலயே கீதேம்மா. அதுக்கு இன்னா பண்றது?"

"சாரி சார். எல்லாருக்கும் ஒரே ரூல்."

ஆகவே ஜெயவேலு அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக் போனார். மெஜஸ்டிக்கில் இறங்கி, வேறு வேலை இல்லாததால் மறுபடி ஏறி அல்சூர் வந்தார். தொண்ணூறு நிமிஷம் ஆகவில்லை. இன்னொரு தடவை போனார். இரண்டாம் தடவை திரும்பும்போது எதிர் சீட்டில் காமெட்ஸ் சட்டை போட்ட ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எந்த ஏரியா சார்?" என்றார் ஜெயவேலு.

"கிரவுண்டுக்கு எதிர் வீடு" என்றார் கிழவர். "இது எனக்கு மூணாவது ரவுண்டு. நேத்தே பயணம் ஆரம்பிச்சிருக்கலாம்னு தோணுது."

பதினொன்றரைக்கு மைதானம் போய்ச் சேர்ந்தார்கள். ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை 'இயல்பான உற்சாகப் பயிற்சி'. மைக் பிடித்த ஒருவர் எப்படித் தன்னையறியாமல் கத்துவது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொருவராகக் கத்திக் காட்ட, ஒரு மெஷினில் அளந்தார்கள். ஜெயவேலு தெருக் கடைசியில் நிற்கும் லாரி டிரைவரைக் கூப்பிட்டுப் பழகியவர். "உடு மா, உடு!" என்று ஒரு குரல் விட்டார். மெஷின் நின்றுவிட்டது. அனுமதிக்கப்பட்ட உற்சாகத்துக்கு மேல் என்று அவர் கழுத்தில் ஒரு மஞ்சள் அட்டையை மாட்டினார்கள். வாயைத் திறக்கக் கூடாது, கையை மட்டும் ஆட்டலாம் என்று அர்த்தம்.

நான்கு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று மற்றவர்கள் சொல்லித்தான் ஜெயவேலுவுக்குத் தெரியும். ஏனென்றால் நான்கு மணிக்கு 'வண்ண அட்டை வரவேற்பு'. மேற்கு ஸ்டாண்டில் இருந்த எல்லாரும் முகத்துக்கு நேரே ஓர் அட்டையைப் பிடிக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் 'ரசிகரே எங்கள் கண்கள்' என்று படிக்கலாமாம். அட்டைக்குப் பின்னால் கால் மணி நேரம் இருட்டில் நின்றன அந்தக் கண்கள்.

நாலேகாலுக்கு அலை எழுப்புதல், வரிசை வரிசையாக எழுந்து எழுந்து உட்கார வேண்டும். நாலரைக்கு முதல் கருத்துக் கணிப்பு. 'இதுவரை ஆட்டம் எப்படி இருந்தது? ஒன்று முதல் பத்துக்குள் சொல்லவும்' என்று வீணா டேப்லெட்டை நீட்டினாள். ஜெயவேலு அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கோட்டோரத்தில், கைக்கு எட்டும் தூரத்தில், மகா பந்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து வீணா ஒரு பக்கம் நகர்ந்து, "சார், பத்துல எத்தனை?" என்று மறைத்துவிட்டாள். ஜெயவேலு அவளைத் தாண்டி எட்டிப் பார்ப்பதற்குள் மகா திரும்பி ஓடிவிட்டிருந்தாள். அவள் தலை தொங்கினதை மட்டும் பார்த்தார்.

"பாத்தா பாரும்மா, நான் இல்லன்னு நெனச்சிக்கும்மா குழந்த" என்றார்.

"சாரி சார், நிஜவாகியும் சாரி" என்றாள் வீணா. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

இடைவேளைக்கு விசில் அடித்ததும் ஜெயவேலு கிழக்குப் பக்கம் போக ஓடினார். நடுவழியில் ஒரு கவுண்ட்டர். 'ஆதரவாளர் இடமாற்றம்' என்று புதிதாகப் பலகை எழுதி, ரிப்பன் கட்டி, குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். எல்லாம் ஜெயவேலு ஒருவருக்காக. கார்த்திகேசன் கையில் மைக்கோடு தயாராக இருந்தார்.

"நண்பர்களே, கால்பந்து வரலாற்றிலேயே முதன்முறையா ஒரு சப்போர்ட்டர் ஒரு ஸ்டாண்ட்ல இருந்து இன்னொரு ஸ்டாண்டுக்குப் போறார். நாங்க அவரைத் தடுக்கல. அதுதான் எங்க துறையோட சாதனை. சிலர் கேக்கறாங்க, டீம் கடைசி இடத்துல இருக்கே, இதெல்லாம் தேவையான்னு. நான் சொல்றேன், டீம் எந்த இடத்துல இருக்குங்கறது எங்க டிபார்ட்மென்ட் இல்ல. சப்போர்ட்டர் எந்த இடத்துல இருக்கார்ங்கறதுதான் எங்க டிபார்ட்மென்ட்!"

கைத்தட்டினார்கள். பேச்சு முடியவில்லை. உள்ளே விசில் சத்தம் கேட்டது. இரண்டாம் பாதி ஆரம்பித்துவிட்டது. ஜெயவேலு நெளிந்தார். கார்த்திகேசன் துறையின் ஐந்தாண்டு இலக்குகளுக்கு வந்தார். குத்துவிளக்கை ஏற்றத் தீப்பெட்டி தேடினார்கள். ஐந்து இருபது ஆயிற்று.

"சார், நான் போவட்டுமா?"

"ஒரே நிமிஷம் சார். மேற்குல இருந்து நீங்க எக்ஸிட் ஆனதா இன்னும் அப்ரூவல் வரல. வராம கிழக்குல என்ட்ரி போட்டா ரெண்டு ஜெயவேலு ஆயிடும்."

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல். "ஏன் குரு, இங்க இன்னா நிக்கற?" டிரைவர் நாகேஷ். மைதானத்துக் குப்பையை எடுக்க அன்றைக்கு அவனுக்கு டியூட்டி. கூட வர வேண்டிய லோடர் மட்டம் போட்டுவிட்டதால், நிரம்பி வழியும் பச்சைத் தொட்டி ஒன்றைத் தனியாக இழுத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தான்.

ஜெயவேலு யோசித்துச் செய்தார் என்று சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். தொட்டி சாய்வதைப் பார்த்ததும் கை தானாகப் போய் மறுபக்கத்துக் காதைப் பிடித்துவிட்டது. பிடித்ததும் கால் தானாக நடந்தது. மைக் வைத்திருந்த கார்த்திகேசன் ஒதுங்கி வழிவிட்டார், மூக்கை மட்டும் திருப்பிக்கொண்டார். செக்யூரிட்டி வழிவிட்டான். குப்பை போகும் ஏழாம் கேட்டில் நின்ற காவலாளி கதவையே அகலத் திறந்துவிட்டான். காலையிலிருந்து ஒவ்வோர் அடி நகரவும் ஒரு கையெழுத்துக் கேட்டவர்கள் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குப்பைத் தொட்டியைப் பிடித்திருப்பவனை இந்த ஊரில் எவனும் நிறுத்தியதில்லை.

வெளியே, கிழக்கு ஸ்டாண்ட் முடியும் இடத்தில், மதிலை ஒட்டி லாரி நின்றது.

"பொண்ணு ஆட்டம்டா நாகேஷ்."

"ஏறு, ஏறு. மேல ஏறு!"

ஏறினார். மைதானம் முழுசும் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடந்தது. மதிலோரமாகவே மகா நின்றிருந்தாள். ஸ்கோர் இன்னும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

எழுபத்தெட்டாவது நிமிஷம். ஒலிபெருக்கியில், 'நன்றி நவிலும் குழுப்படம். மைதானம் பின்னணியில் தெரியும்படி ஆதரவாளர்கள் அனைவரும் திரும்பி நிற்கவும்' என்றார்கள். இரண்டாயிரம் பேரும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த நேரத்தில் நடுக்களத்திலிருந்து ஒரு நீளப் பந்து மகாவிடம் வந்தது. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தி மேலே வந்து விழுந்தாள்.

"உடு மா, உடு! உள்ள வெட்டு!"

மகா திரும்பி மதிலைப் பார்க்கவில்லை. அந்தக் குரல் எங்கிருந்து வரும் என்று அவளுக்கு ஒன்பது வயதிலிருந்து தெரியும். உள்ளே வெட்டினாள். வலது காலால் அடித்தாள். அவளுடைய வராத கால் அது. பந்து தூர போஸ்ட்டின் உள்பக்கம் பட்டு வலைக்குள் விழுந்தது. கோல் போட்டவள் ஸ்டாண்டுப் பக்கம் ஓடவில்லை. நேராக மதிலுக்கு ஓடிவந்து, லாரியைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். ஜெயவேலு குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார். நாகேஷ் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்துவிட்டார்கள்.

ஆறரைக்கு எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். சம்பூர்ணம் கேசரி கிண்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். ஜெயவேலுவின் செல்ஃபோன் அடித்தது. வீணா.

"சார், எங்க இருக்கீங்க?"

"வீட்லம்மா."

"இல்லா சார், நீங்க கிரவுண்ட்ல இருக்கீங்க."

"வீட்லதான்மா கீறேன். கேசரி துன்னுகினு கீறேன்."

"சிஸ்டம்ல நீங்க இன்னும் வெளிய போகல சார். தயவுசெஞ்சு வெளிய போங்க சார்!"

ஏழு மணிக்கு கார்த்திகேசனே வீணாவோடு வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. ஓர் ஆதரவாளர் உள்ளே இருக்கும்வரை ஆட்டநாளை மூட முடியாது. ஆட்டநாளை மூடாவிட்டால் கிளப் கம்ப்யூட்டரில் முடிவு ஏறாது. முடிவு ஏறாவிட்டால் மகாவின் கோல் நிலுவையில் நிற்கும்.

"என் கோலா?" என்று எழுந்தாள் மகா.

"எக்ஸிட் போட ரெண்டே வழிதான் சார்" என்றார் கார்த்திகேசன். "ரெண்டாம் கேட் வழியா சப்போர்ட்டரா போகணும். அதுக்கு நீங்க மறுபடி உள்ள வந்து வெளிய போகணும். ஆனா மறுபடி உள்ள வர, நாலு நாள் முன்னாடி பிளான் குடுத்திருக்கணும். இல்லன்னா ஏழாம் கேட். அதுல..." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அதுல ஒரே ஆப்ஷன்தான் இருக்கு. கழிவு."

வீட்டில் கரண்டிச் சத்தம் நின்றது.

"எங்கப்பா இன்னா குப்பையா?" என்றாள் மகா.

"ஐயோ, டேட்டால மட்டும்தாம்மா."

ஜெயவேலு மகளைப் பார்த்தார். கையைப் பிடித்து உட்காரவைத்தார். "போடுங்க சார். எம்பொண்ணு கோலு ஏறணும், அவ்ளோதான். எந்தக் குப்பையோட நான் வெளிய வந்தேனோ அதுல சேத்துப் போட்டுக்குங்க."

"ஈரக் கழிவா, உலர் கழிவா சார்?"

"பச்சத் தொட்டி. ஈரம்."

"எடை?"

"அறுபத்தெட்டு கிலோ."

கார்த்திகேசன் தட்டினார். டேப்லெட்டில் 'வெற்றிகரமாக அகற்றப்பட்டது, நன்றி' என்று வந்தது. அடுத்த நொடி மகாவின் செல்ஃபோனில் மணி அடித்தது. காமெட்ஸ் ஒன்று, எதிரணி பூஜ்யம். கோல்: மகா, எழுபத்தெட்டாவது நிமிஷம். கோலை நேரில் கண்ட ஆதரவாளர்கள்: இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு.

"அதுல உங்க பேர் இருக்காது சார், சாரி" என்றார் கார்த்திகேசன்.

"அவரு ஒருத்தருதான்யா பாத்ததே" என்றாள் சம்பூர்ணம். கேசரித் தட்டை ஜெயவேலு கையில் வைத்தாள்.

வீணா வாசற்படியில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டாள். "சார், நானும் திரும்பித்தான் நின்னேன். அந்தக் கோல்... எப்படி சார் போட்டாங்க?"

ஜெயவேலுவின் முகம் மலர்ந்துவிட்டது. தட்டுகளை ஒதுக்கித் தரையில் இடம் பண்ணினார். நான்கு தம்ளரை எடுத்து வைத்தார். கார்த்திகேசன் மணியைப் பார்த்தார். ஏழரைக்கு 'வெற்றியை அசைபோடுதல்' என்று எதுவும் யாருடைய திட்டத்திலும் இல்லை.

"கோலு அப்புறம். மொதல்ல லாரி எங்க நின்னுச்சு, அதப் பாரும்மா" என்றார் ஜெயவேலு. "சார், நீங்க கொஞ்சம் காலை நவுத்துங்க. நீங்க நிக்கறது பெனால்ட்டி பாக்ஸு."

கார்த்திகேசன் காலை நகர்த்திக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் டேப்லெட்டைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.